சபை கூடும் வீடு யாருடையது?

வேலையை விட்டார் ஒருவர். சாதாரண வேலையன்று, இங்கிலாந்து நாட்டு ஆங்கிலிக்கன் திருச்சபையிலே பங்குக்குரு. குடியிருக்க வீடு உண்டு. குறையாத வருவாய் உண்டு. கும்பிடு போட ஊர் உண்டு. கடமையில் தவறினார் என்று எவரும் அவர்மீது குற்றம் சாட்டவுமில்லை. அவரேதான் தம்மீது குற்றம் சாட்டிக்கொண்டார். ஊரிலே பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காக ஒவ்வொரு குழந்தைக்கும் ஞானஸ்நானம் தந்தாக வேண்டும் என்கிறது வழக்கம். அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு அதிலே நம்பிக்கை துளியும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே ஆடும் இந்த நாடகத்தில் இனி எனக்கு வேடம் வேண்டாம் என்று விலகிவிட்டார். ஆண்டு 1907. ஊர் சால்ஃபாண்ட் செயின்ட் பீட்டர். அவர் பெயர் ரோலண்ட் ஆலன்.

நம்பாததை நம்புவதாக நடித்துச் சடங்கை நடத்தி முடிப்பவர்கள் நம் நாட்டிலே எத்தனை ஆயிரம்! நம்மிலேயே, மேடையில் சீர்திருத்தம் முழங்கிவிட்டு, வீட்டிலே அம்மாவின் மனம் நோகுமே என்று புரோகிதரை அழைத்து மணமுடித்துக்கொண்டவர்கள் இல்லையா? பெயர் வேண்டாம், அவர்களுக்கே தெரியும். அவர்களைக் காட்டிலும் இந்த வெள்ளைக்காரப் பாதிரியார் நேர்மையானவர் என்பதை ஒப்புக்கொள்வதில் பகுத்தறிவாளனுக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

அந்த ஆலன் எழுதிய இரண்டு நூல்களைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஒன்று 1912இல் வந்தது. மிஷனரிகளின் முறைகள் பவுலுடையவையா, நம்முடையவையா என்று தலைப்பிலேயே கேள்வி எழுப்புவது. மற்றொன்று 1927இல் வந்தது. திருச்சபை தன்னியல்பாய் விரிவதையும் அதைத் தடுக்கும் காரணங்களையும் ஆராய்வது. பாதிரியார் நூலுக்கு நம் ஏட்டிலே என்ன வேலை என்று புருவம் உயர்த்தும் தோழர்களைக் கொஞ்சம் பொறுத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன். பூசாரி இல்லாமல், கட்டடம் இல்லாமல், வெளியூர்ப் பணம் இல்லாமல் மனிதர்கள் கூடி வாழ முடியுமா என்பதே இந்த நூல்களின் கேள்வி. அந்தக் கேள்வி மதத்தோடு முடிந்துவிடுவதன்று.

ஆலன் சீனத்திலே வேலை செய்தவர். 1895இல் போனார். 1900இல் பாக்சர் கலகம் மூண்டு, பீக்கிங் நகரிலே அயல்நாட்டுத் தூதரகங்கள் 55 நாட்கள் முற்றுகையில் கிடந்தபோது உள்ளே இருந்தவர்களில் அவரும் ஒருவர். சீனக் கிருத்துவர்கள் அயலானின் கையாட்கள் என்று கருதப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்ட காலம் அது. ஏன் அப்படிக் கருதப்பட்டார்கள்? கலகக்காரர்களின் வெறி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படித்தான் பெரும்பாலோர் சொன்னார்கள். ஆலனோ தம் கூட்டத்தாரையே திரும்பிப் பார்த்தார். மிஷன் வளாகம் யாருடையது? வெள்ளையனுடையது. பள்ளி? வெள்ளையனுடையது. உபதேசியாருக்குச் சம்பளம் எங்கிருந்து? இலண்டனிலிருந்து. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது, எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்பவர் யார்? வெள்ளைக்காரத் துரைதான். அவ்வாறிருக்க, அதை அயலான் வீடு என்று சீனன் நினைத்ததில் வியப்பென்ன?

இங்கிருந்துதான் அவர் பவுலிடம் போகிறார். கி.பி. 47க்கும் 57க்கும் இடைப்பட்ட பத்தாண்டுக் காலத்தில், கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா, ஆசியா என்னும் நான்கு உரோம மாகாணங்களிலே பவுல் சபைகளை நிறுவினார். நிறுவியதோடு நில்லாமல், விட்டுவிட்டும் போனார். ஆலன் வியப்பது இந்த விட்டுப்போனதைத்தான். ஓர் ஊரில் சில மாதம் தங்குவார். எளிய சில போதனைகளைச் சொல்வார். உள்ளூர்க்காரர் சிலரை மூப்பர்களாக அமர்த்துவார். அடுத்த ஊருக்கு நடந்துவிடுவார். நம் காலத்து மிஷனோ நூறாண்டு உட்கார்ந்த பிறகும், இவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்றே எழுதிக்கொண்டிருக்கிறதே என்று கேட்கிறார். ஏகாதிபத்தியத்தின் வாடிக்கைச் சொல்லே அதுதானே! இன்னும் பக்குவப்படவில்லை, இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லிச் சொல்லியே இந்தியாவையும் பிடித்து வைத்திருந்தார்கள்.

பணத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி நூலிலேயே சிறந்தது. பவுல் தாம் பேசப்போன இடத்தில் தமக்கென்று பணம் கேட்கவில்லை. கூடாரம் செய்யும் தொழில் தெரிந்தவர், கைத்தொழிலால் உண்டார். தாம் பேசப்போன மக்களுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுக்கவுமில்லை. அவர்கள் தமக்குள்ளே சேர்த்த பணத்தைத் தம் பொறுப்பில் வைத்து நிர்வகிக்கவுமில்லை. கேட்பதற்கு மிகச் சிறிய செய்திகள்! ஆனால் வாங்குபவனைக் கொடுப்பவனின் கையிலே கட்டிப்போடும் கயிறு எங்கே முடிச்சிடப்படுகிறது என்பதை இவ்வளவு தெளிவாக, அதுவும் உள்ளேயிருந்தே, காட்டியவர்கள் அரியர். கட்டடம் கட்டப் பணம் வருகிறது. கட்டடத்தைக் காக்க ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சம்பளம் தருபவனுக்குக் கணக்கு வேண்டும். கணக்குக் கேட்பவனுக்கு அதிகாரம் வேண்டும். பிறகு வழிபாடு எங்கே? அதிகாரத்தின் வாசலிலே காத்துக் கிடக்கிறது. சம்பளம் வாங்காத, தன் தொழில் செய்தபடியே சபைக்குப் பணிபுரியும் குருமார் வேண்டும் என்று 1930இல் தனியே ஒரு நூலும் எழுதினார்.

என் கைக்கு வந்தது 1912ஆம் ஆண்டு நூலின் 1962ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பு. அதற்கு முன்னுரை தந்திருப்பவர் லெஸ்லி நியூபிகின். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை இராமநாதபுரம் பேராயராக அமர்ந்து, பின்னர் சென்னைப் பேராயராகவும் இருந்தவர். பேராயர் ஒருவர், பேராயர் அலுவலகங்களின் பணமுறையைப் பிளந்து பார்க்கும் நூலுக்கு முன்னுரை எழுதுகிறார்! வாழ்த்த வேண்டியதுதான்.

ஆலன் சொன்னது பலித்ததா? நூல் எழுதியவர் 1947இல் நைரோபியில் மறைந்தார், பலித்ததைப் பார்க்கவில்லை. பார்த்தது உலகம். அவர் வேலை செய்த அதே சீனத்தில், 1949க்குப் பிறகு மிஷனரிகள் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது அங்கிருந்த புராட்டஸ்டண்டுகள் ஏறத்தாழப் பத்து லட்சம் அளவே. 1966இல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சியில் கோயில்கள் அனைத்தும் மூடப்பட்டன. மதகுருமார் வயலுக்கும் சிறைக்கும் அனுப்பப்பட்டார்கள். முடிந்தது கதை என்றே மேலைநாட்டார் பலர் எண்ணினர். மூடத்தான் கோயில் இருந்ததே தவிர, அடுப்பங்கரையில் நாலு பேர் உட்கார்ந்து மெல்லிய குரலில் பாடுவதை எந்தப் பூட்டால் பூட்டுவது? 2018இல் சீன அரசே வெளியிட்ட வெள்ளை அறிக்கை, புராட்டஸ்டண்டுகள் 3 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் என்கிறது. அரசின் கணக்கு அது. அதிலே சேராதவர்களைச் சேர்த்தால் தொகை இன்னும் பெரிது என்போர் உண்டு.

இந்த வளர்ச்சிக்குக் காரணம் தூய ஆவி என்பார் ஆலன். அந்த விளக்கம் நமக்கு வேண்டியதில்லை. உரோமர் போட்ட சாலை இருந்தது. மாகாணம் மாகாணமாகக் கிரேக்க மொழி புழங்கியது. ஊர்தோறும் யூதத் தொழுகைக் கூடம் இருந்தது. அதைச் சுற்றி, யூதராகாமலே ஒரே கடவுள் கொள்கையால் ஈர்க்கப்பட்டு நின்ற கிரேக்கர் கூட்டமும் இருந்தது. பவுல் விதைத்தது உழுத நிலத்திலே. நூலின் முதற் பகுதியில் இவற்றையெல்லாம் ஆலன் எடுத்துப் பேசத்தான் செய்கிறார். பேசிவிட்டு, இவை போதா என்று ஒதுக்கிவிடுகிறார். ஒதுக்கும் வேகம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் வழக்கு அதுவன்று. ஆவியை மறுத்துச் சாலையைக் காட்டிவிட்டால் வெற்றி என்று நினைப்பது கல்லூரிச் சொற்போர். கேட்க வேண்டிய கேள்வி வேறு.

வீட்டிலே சபை கூடியது என்கிறோமே, அந்த வீடு யாருடையது?

பவுல் எழுதிய மடல்களில் மிகச் சிறியது பிலேமோனுக்கு எழுதியது. ஒரே பக்கம். தொடக்கத்திலேயே, பிலேமோன் வீட்டிலே கூடும் சபைக்கு வாழ்த்து. எழுதிய காரணமோ, அந்த வீட்டு அடிமை ஒநேசிமு. அவன் எசமானைப் பிரிந்து வந்து பவுலிடம் இருக்கிறான். பவுல் அவனைத் திருப்பி அனுப்புகிறார். இனி அடிமையாக மட்டும் கருதாதே, அடிமைக்கும் மேலான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று உருக்கமாகக் கேட்கிறார். விடுதலை செய் என்று நேரே ஒரு சொல் எழுதவில்லை. எண்ணிப் பாருங்கள். கோயில் இல்லை, குருக்கள் இல்லை, வெளியூர்ப் பணம் இல்லை, ஆலன் கேட்கும் எளிமை அத்தனையும் அங்கே இருக்கிறது. அதே வீட்டில் அடிமையும் இருக்கிறான். பாய் விரிப்பவன் அவன். சபை அமர்வது அந்தப் பாயின்மீது.

கொரிந்து நகரத்துச் சபையின் கதையும் அதுதான். கூடி உண்ணும் விருந்திலே ஒருவன் பசியோடிருக்க மற்றொருவன் குடித்து வெறித்திருக்கிறான் என்று பவுலே கடிந்து எழுத நேர்ந்தது. ஏன் இப்படி? கெர்ட் தைசன் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1970களில் இதைத் துருவி ஆராய்ந்து சொன்ன விளக்கம் ஏற்கத்தக்கது. சபைக்கு இடங்கொடுக்கும் அளவு பெரிய வீடு செல்வனுக்குத்தான் இருக்கும். விருந்தும் அவன் வழக்கப்படியே நடக்கும். அவன் தரத்து நண்பர்களுக்கு நல்ல உணவு, நிறைய உணவு. உழைத்துக் களைத்து வரும் கூலிக்காரனுக்கு எஞ்சியது. திட்டமிட்ட தீமை அன்று அது. அந்த ஊரின் இயல்பு!

அந்த 'இயல்பு' என்ற சொல்லைத்தான் நாம் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. தன்னியல்பாய் வளரட்டும், தடுக்காமல் விடு என்கிறார் ஆலன். அயலானின் பிடியை விலக்கச் சொன்னவரையில் அது விடுதலைக் குரல். ஆனால் அயலான் கை எடுத்த பிறகு, உள்ளூர் இயல்பு என்ன செய்யும்? நம் நாட்டிலே அது எந்த வாய்க்கால் வழியே ஓடும்?

இதற்கு விடை சொன்னவரும் ஒரு பாதிரியார்தான். டொனால்டு மெக்கவரன், 1897இல் நடு இந்தியாவின் தமோ என்னும் ஊரிலே பிறந்தவர், அங்கேயே நெடுங்காலம் உழைத்தவர். மதம் மாறுவோர் தனித்தனியே வருவதில்லை, உறவும் இனமுமாகச் சேர்ந்தே வருகிறார்கள் என்று கண்டு, 1955இல் நூலாக எழுதினார். 1970இல் எழுதிய மற்றொரு நூலில் இன்னும் வெளிப்படையாகவே கூறினார்: இனம், மொழி, வகுப்பு என்னும் எல்லைகளைத் தாண்டாமலே கிருத்துவர் ஆவதைத்தான் மக்கள் விரும்புகிறார்கள். கண்டறிந்தது உண்மை. அந்த உண்மையை அவர் வளர்ச்சிக்கு வழியாக்கிக்கொண்டார். சாதி ஒரு பாலமாம்! அந்தப் பாலத்தின்மீது நடந்து போனவர்கள் மறுகரையில் இறங்கிப் பார்த்தால், மறுகரையிலும் அதே சாதி உட்கார்ந்திருக்கிறது.

நம் பக்கத்துச் சான்றுக்கு வெகுதொலைவு போக வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், 1857இல், சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகமும் அவரைச் சேர்ந்தவர்களும் மிஷனை விட்டு வெளியேறித் தமக்கெனத் தனிச் சபை கண்டார்கள். வெள்ளைக்காரர் பணமும் வேண்டாம், வெள்ளைக்காரர் மேற்பார்வையும் வேண்டாம் என்றார்கள். ஆலன் பிறப்பதற்குப் பதினோராண்டு முன்பே ஆலனின் கொள்கை! அவர்களைக் கொதிக்கச் செய்தவற்றுள் தலையாயது, சாணார் மக்களை இழிவுபட எழுதிய 1849ஆம் ஆண்டு நூல். அதை எழுதியவர் யார் தெரியுமா? திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த அதே கால்டுவெல்தான். நாம் போற்றும் பெரியவர், போற்றுவோம். அந்த நூலையும் மறைக்க வேண்டாம். தன்மானத்துக்காக எழுந்த அச்சபையை நான் வணங்குகிறேன். ஆனாலும் அது கிட்டத்தட்ட முழுதும் ஒரே சாதியாரின் சபையாகவே பிறந்தது, அப்படியே நின்றது.

பெரிய கோயில்களில் மட்டும் நிலைமை நன்றாக இருந்ததா என்று யாரும் கேட்கலாம். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலை அறிந்தவர் கேட்கமாட்டார். 1872இல் எழுந்த அக்கோயிலில் பலிபீடம் ஒன்று, மக்கள் கூடம் இரண்டு. ஒன்றில் வெள்ளாளர், மற்றொன்றில் நாடார், இடையே சுவர். ஒரே கடவுளை இரு பக்கமிருந்தும் கும்பிட்டார்கள், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தவறென்று வெள்ளாளர் தரப்பு வழக்குக்குப் போயிற்று. சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றும் வெல்லவில்லை.

நான் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது. பெரிய கோயிலுக்குச் சுவர் தேவைப்பட்டது ஏன்? இரு சாதியாரும் ஒரே கூரையின்கீழ் வந்து தீர வேண்டியிருந்தது; அதனால் கட்டினார்கள். கட்டிய சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததால் இடிக்க முடிந்தது. வீட்டுச் சபைக்குச் சுவர் எதற்கு? தெருவே சுவராக இருக்கிறதே! யாரையும் வராதே என்று சொல்ல வேண்டியதில்லை, வரமாட்டார்கள். யார்மீது வழக்குப் போடுவது? எந்தப் பேராயரிடம் முறையிடுவது? அதிகாரம் இல்லாத இடத்தில் கேட்பாரும் இல்லை.

சிரியாவிலே, யூப்ரடீஸ் ஆற்றங்கரையில், டுரா யூரோபஸ் என்னும் பாழடைந்த நகரம் ஒன்று இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் அங்கே தோண்டியபோது ஒரு வீடு கிடைத்தது. மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில் கிருத்துவர் கூடுவதற்காக மாற்றியமைக்கப்பட்ட வீடு. நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது. அதற்கு அவர்கள் செய்த மாற்றங்களுள் ஒன்று, இரண்டு அறைகளுக்கு இடையே நின்ற சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கியது. வீட்டை இருந்தபடியே வைத்துக்கொண்டு அவர்கள் கூடிவிடவில்லை. இடித்துவிட்டுத்தான் கூடினார்கள்.

பவுலும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர் அல்லர். அந்தியோகியாவிலே யூதரும் யூதரல்லாதாரும் சேர்ந்து உண்டுவந்தனர். பேதுருவும் சேர்ந்துதான் உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு மெல்ல விலகிக்கொண்டார். சபையிலேயே மூத்தவர், முதல்வர்! பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் எதிர்த்தார். கலாத்தியருக்கு எழுதிய மடலில் அவரே இதைச் சொல்கிறார். சேரன்மாதேவி குருகுலத்துத் தனிப்பந்தியை மறக்காத நமக்கு, இந்தச் சண்டை எதைப் பற்றியது என்று விளக்க வேண்டுமா? சாப்பாட்டைப் பற்றியது. யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதைப் பற்றியது. பணத்தில் விட்டுக்கொடுத்தவர், பதவியை விட்டுப் போனவர், பந்தியில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆலன் இந்தச் சிக்கல் அறியாதவர் அல்லர். சபைகளின் ஒற்றுமை பற்றித் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். ஆனால் யூதச் சட்டத்தை மற்றவர்மீது திணிக்காத பவுலின் விடுதலை உணர்வே அங்கே அவர் கண்ணை நிறைக்கிறது. பந்தியிலே எழுந்து நின்று சத்தம் போட்ட பவுல், ஓர் ஆங்கிலேயரின் கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை போலும். விட்டுப்போகத் தெரிந்த பவுலை ஆலன் நமக்குத் தந்தார். எந்த இடத்தில் விட்டுப்போகக்கூடாது என்று அறிந்த பவுல் அந்த நூலில் மங்கலாகவே இருக்கிறார்.

நான் ஆசிரியராய் இருக்கும் ஊரில் ஒரு வீட்டுச் சபை இருக்கிறது. வீட்டுக்காரர் கொத்தனார், அவர் மகன் என் வகுப்பில் படிக்கிறான். அவன் அழைத்து ஒரு ஞாயிறு மாலை போனேன். ஓட்டு வீடு. கோரைப்பாய். பத்துப் பதினைந்து பேர். கொத்தனாரே வாசித்தார்; அவர் மனைவி பாட்டெடுத்தார்; காணிக்கைத் தட்டு வரவில்லை. முடிந்ததும் எல்லார்க்கும் சுக்குக் காப்பி. எனக்கு நம்பிக்கை இல்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். அதனாலென்ன சார், காப்பி குடிங்க என்றார். ஆலன் பார்த்திருந்தால் அகமகிழ்ந்திருப்பார். நானும் மகிழ்ந்தேன்; மறைப்பானேன்.

புறப்படும்போது கேட்டேன்: "மேலத்தெருவிலிருந்து யாரும் வருவதில்லையா?"

"அங்கே அவங்களுக்குன்னு ஒரு வீடு இருக்கு சார். நாங்க பாடுற பாட்டைத்தான் அவங்களும் பாடுறாங்க."

"அவர்கள் இங்கே வருவார்களா?"

"பாட்டுக்கு வருவாங்க சார்" என்றார். சற்று நேரம் கழித்து, காலிக் குவளையை வாங்கிக்கொண்டே, "காப்பிக்கு இருக்கமாட்டாங்க" என்றார்.

கிறிஸ்துமசுக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து சமைப்பதாகப் பேச்சு நடக்கிறதென்று சென்ற வாரம் பையன் சொன்னான். அரிசிக்கும் கறிக்கும் பணம் சேர்ந்துவிட்டதாம். எந்தத் தெருவில் அடுப்பு மூட்டுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லையாம்.